இரண்டு குப்பியும் ஒரு பிடி கோப்பியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மூக்கு மரத்துப்போனதால் வந்தது. ஞானமும் இல்லை, கனவும் இல்லை. கண்டி நகரத்தில் ஒரு சென்ட் கடை, சித்திரை வெயில், என் பிடிவாதம். அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியிருந்தது இரண்டு சென்ட். அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒன்று, வேலை செய்கிற கந்தோருக்குப் பூசிக்கொண்டு போக இன்னொன்று. ஆனால் இரண்டாக வாங்க மனம் வரவில்லை. ஒன்றே இரண்டுக்கும் ஆகாதா என்று கடைப்பிள்ளையின் உயிரை எடுத்தேன். சகீனா என்று பெயர், பக்கத்து மடவளை ஊர்ப் பிள்ளை. பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை.

"மிஸ், இது வெயிலுக்கு. லேசா ஈக்கும். அது ராவைக்கு, கல்யாண வூட்டுக்கு. மாத்திப் போட்டா சரிவராது மிஸ்."

"யாருக்குச் சரிவராது?"

"பக்கத்துல நிக்கிறவங்களுக்கு."

நான் விடவில்லை. இதை மோந்து, அதை மோந்து, திரும்ப இதை மோந்து, கடைசியில் எது எதென்றே தெரியாமல் போயிற்று. அப்போது அவள் ஒரு சின்னக் கிண்ணத்தை என் முன்னால் தள்ளினாள். கிண்ணம் நிறைய வறுத்த கோப்பிக்கொட்டை.

"இத மோந்து பாருங்க. முந்திப் பாத்த வாசம் மறந்து போகும்."

"கோப்பி இல்லாவிட்டால்?" எனக்கு வாய் சும்மா இருக்காது.

"இல்லாட்டி ஒங்கட சீலைத் தோள மோந்து பாருங்க மிஸ். அவங்கவங்க வாசம் அவங்கவங்களுக்குத் தெரியாதுதானே. மூக்கு அதுல போய்க் கொஞ்சம் இளைப்பாறும்."

இரண்டில் ஒன்றையும் வாங்காமல் வந்தேன். வரும்போது கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை மட்டும் கைக்குட்டைக்குள் சுருட்டிக்கொண்டேன். திருட்டு என்று பெரிதாகச் சொல்லாதீர்கள். பஸ்ஸில் அதை மோந்துகொண்டே வரும்போதுதான் கேள்வி பிறந்தது. தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலை முழுக்கக் கோப்பிதானே? பூக்கிற மாதத்தில் ஒரு வாசம், பழம் உரிக்கிற மாதத்தில் ஒரு நாற்றம், காயப்போடுகிற மாதத்தில் இன்னொன்று என்று ஊரே ஒரு கோப்பிக் கிண்ணமாக இருந்திருக்குமே. அந்த ஊரில் ஒருத்தர் அத்தர் விற்றால், வாங்க வந்தவள் எதை மோந்து எதை மறந்திருப்பாள்?

2

தொடக்கம் ஒன்று: "ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் கண்டிச் சீமையின் மலைச்சரிவுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருவளர்ச்சி கண்டிருந்த வேளையில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து திரள்திரளாக—"

(போதும். எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: "பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கங்காணி காளிமுத்து, மடவளைச் சந்தியில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். அவனுடைய மனதில்—"

(அவனுடைய மனதில் என்ன? பேனையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மனிதன் நிற்கிறான், நிற்கிறான், மீசையைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஏனென்று பிறகுதான் விளங்கியது. காளிமுத்துவுக்குத் தெரிவு செய்ய ஒன்றுமே இல்லை. அவனுக்காக எப்போதும் வேறு யாராவது தெரிவு செய்துவிடுகிறார்கள். அப்போது அவனுக்குப் பின்னால், தலையில் மூட்டையோடு ஒரு பெண் வருவது தெரிந்தது.)

தொடக்கம் மூன்று: "புருஷன், ஊரில் இருக்கிற சக்களத்திக்குக் கொண்டுபோகும் அத்தரை, ராக்கம்மாதான் தெரிவு செய்ய வேண்டியிருந்தது."

இது நிற்கட்டும். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஊரில் இருக்கிற மூக்காயிதான் தாலி கட்டிக்கொண்டவள். ராக்கம்மாவுக்கு ஒரு மஞ்சள் கயிறுகூடக் கிடையாது. யாருக்கு யார் சக்களத்தி என்று கேட்டால் ஊர் ஒரு பதில் சொல்லும், ராக்கம்மா ஒரு பதில் சொல்லுவாள். நான் இந்தக் கதை முழுக்க ராக்கம்மாவின் தோளுக்குப் பின்னால் நடப்பதாக முடிவெடுத்துவிட்டதால், அவள் சொன்னதே சட்டம்.

3

ராக்கம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தை நீவிக்கொண்டாள். மாசி மாதம். பழமெல்லாம் எடுத்து முடிந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்புகிற நேரம். பன்விலையிலிருந்து நடந்து, வத்தேகம தாண்டி, மடவளையில் ஒன்றுகூடி, அப்புறம் மாத்தளை, தம்புள்ளை, மன்னார், அங்கிருந்து கடல் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் என்று போகிற நடை அது. பெண்சாதி தோட்டத்திலேயே தங்குகிறவள் என்றால் மடவளை வரைக்கும் வந்து வழியனுப்புவாள். ஒவ்வொரு வருசமும் இவள் வருவாள். ஒவ்வொரு வருசமும் அவன் "ஆடி முடியட்டும், வந்துருவேன்" என்பான். வந்தும்விடுவான்.

இந்த வருசம் அப்படி இல்லை. ஊரிலிருந்து கடைசியாக வந்த ஆள் ஒரு சேதி கொண்டுவந்திருந்தான். மூக்காயி குளத்தோரம் நிலம் பேசி முடித்திருக்கிறாளாம். "இந்தத் தடவை வந்தாகன்னா திரும்ப விடமாட்டேன், ஏர் பிடிக்க ஆள் வேணும்" என்று ஊரறியச் சொல்லியிருக்கிறாளாம்.

அந்தச் சேதி வந்ததிலிருந்து ராக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் வராவிட்டால் வேறொரு கங்காணி வருவான், அவனோடு அவன் ஆட்கள் வருவார்கள். கங்காணி பெண்சாதி என்று லயத்து வரிசைவீட்டில் அவளுக்கு விட்டுவைத்த அறை போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, இரண்டு கை இருக்கிறது, பழம் எடுத்துப் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அவனை அவளுக்குப் பிடித்திருந்ததே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காளிமுத்து கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றால் அங்கே நல்லவன், இந்தப் பக்கம் நின்றால் இங்கே நல்லவன். இரண்டு வீட்டுக்கும் நல்லவனாக இருக்க மாதங்களைப் பங்கு போட்டு வைத்திருந்தான்.

"ராக்கு, இந்தத் தடவ மூக்காயிக்கு ஒரு அத்தர்க் குப்பி வாங்கிட்டுப் போகணும். கண்டிச் சீமையிலேருந்து வர்றவன் வெறுங்கையோட போனா நல்லாருக்காது. நீதான் பாத்து எடுக்கணும்."

"நானா?"

"எனக்கென்னடி தெரியும்? பொம்பளைக்கு என்ன புடிக்கும்னு பொம்பளைக்குத்தானே தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பில் ஒரு விஷமும் இல்லை. ராக்கம்மாவுக்கு அவன் மீசையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

4

(இங்கே நான் பேனையை வைத்துவிட்டேன். இவள் ஏன் "போய்யா நீயும் உன் அத்தரும்" என்று சொல்லவில்லை? நான் ராக்கம்மாவாக இருந்திருந்தால் மூட்டையைத் தூக்கி ஓடையில் எறிந்திருப்பேன். எழுதியும் பார்த்தேன்: "அவள் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் பன்விலைக்கு நடக்கத்—" சரியாக வரவில்லை. அவளே திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க சொகமா கதிரையில குந்திக்கிட்டு ரோசத்தப் பத்திப் பேசுறீங்க" என்று சொன்னமாதிரி இருந்தது.

பிறகு யோசித்தேன். மறுத்துவிட்டுப் போனால் அவள் கையில் ஒன்றும் மிஞ்சாது. தெரிவு செய்யப் போனால் ஒரு குப்பி மிஞ்சும். அந்த வீட்டுக்குள் இவள் கைபட்ட ஒரு பொருள் போகும். அவன் வருவதும் வராததும் அங்கே அந்த வீட்டுக்குள் முடிவாகப் போகிற காரியம். இவளுக்கு அந்த வாசலை எட்டிப்பார்க்க வேறு வழி எது? ஆகவே போகிறாள். வெட்கத்தோடு போகிறாள், ஆனால் போகிறாள்.)

5

தாஸிம் நானாவின் அத்தர்க்கடைக்கு முன்வாசல் ஆண்களுக்கு. பெண்கள் வேலியைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போக வேண்டும். அங்கே அவர் பெண்சாதி பாயிஸா இருப்பாள்.

(அந்தக் காலத்தில் மடவளையில் அப்படியொரு பின்வாசல் வியாபாரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. நானாகக் கட்டினேன். சகீனாவுக்கு ஒரு மூதாதை வேண்டியிருந்தது.)

முற்றத்துப் பாயில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பி காய்ந்துகொண்டிருந்தது. பாயிஸா அதைக் காலால் துழாவிவிட்டுத் தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே கூப்பிட்டாள்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. காலம் எது, காரியம் எது?"

வருகிற எல்லாரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"அப்புடின்னா என்னங்கக்கா?"

"வெயில் காலத்துக்கா, மழைக்கா? பகலைக்கா, ராவைக்கா? கல்யாண வூடா, கோயிலா, சும்மா வூட்டோட ஈக்கிறதுக்கா? அது தெரியாம அத்தர் எடுத்தா, நல்ல அத்தரும் தலையிடி தரும்."

"எனக்கில்லீங்கக்கா. எங்க அவுக ஊருக்குப் போறாக. அங்க அவுக பொஞ்சாதிக்கு."

பாயிஸா குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அப்ப நீங்க?"

"நானும்தான்."

பாயிஸா துடைத்த குப்பியை ஓரமாக வைத்தாள். அலுமாரியைத் திறந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தாள். கண்ணாடிக் குச்சியால் ஒன்றை ராக்கம்மாவின் வலது மணிக்கட்டில் தொட்டாள்.

"இது வெட்டிவேர். ஒங்கட ஊர் வெயில் ஊருதானே? பகல்ல குளிச்சிட்டுக் கழுத்துல ஒரு பொட்டுத் தொட்டா ஒடம்பு குளுந்து போகும். வேலைக்காரப் பொம்புளைக்கு ஏத்தது. சண்ட புடிக்காத வாசம்."

ராக்கம்மா மோந்தாள். புதுப்பானைத் தண்ணீர். நடுப்பகலில் வேலையிலிருந்து வந்து தாகத்தோடு குடித்தால் நெஞ்சுக்குள் இறங்குமே, அந்தத் தண்ணீர். அவளும் அந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான். அப்பனோடு நடந்து வந்தவள், அப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு இங்கேயே நின்றுவிட்டவள். அந்த வாசத்தில் ஒரு நொடி அவளுக்கே ஊருக்குப் போய்விடலாம்போல இருந்தது. பயந்துபோனாள். எனக்கே இப்படி இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது குப்பியை இடது மணிக்கட்டில் தொட்டாள் பாயிஸா.

"இது மல்லிகை. இருட்டுன பொறகு பூசுறது, நல்ல நாள் பெருநாளுக்கு. இங்க இந்த மாசத்துல இத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. மலையே சும்மா குடுக்குதே!"

ராக்கம்மா மணிக்கட்டை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். இது மல்லிகையா? இது கோப்பிப்பூ. ஒரு மழை பெய்த மறுநாள் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கில் வந்து முட்டுமே, அதே வாசம். அந்தப் பூவை ஒருத்தரும் பறிக்கக் கூடாது. ஒரு பூ போனால் ஒரு பழம் போச்சு என்று தொரை கத்துவார். தொரைக்கு முன்னால் கங்காணி கத்துவான். அப்படிக் கத்துவதே வேலையாக இருந்த காளிமுத்து, ஒருநாள் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கொத்தைப் பறித்து அவள் கொண்டையில் செருகினான். தாலி இல்லை, பந்தல் இல்லை. அவளுக்கு நடந்த கல்யாணம் அதுதான்.

6

நேராகச் சொல்கிறேன், ராக்கம்மா அந்த இரண்டு மணிக்கட்டையும் வைத்துக்கொண்டு என்ன நினைத்தாள் என்று.

வலதுகை: மூக்காயிக்குப் பொருத்தமானது வெட்டிவேர்தான். பங்குனி வெயிலில்தான் குப்பி அங்கே போய்ச் சேரும். நிலத்தில் நின்று வேலை செய்கிற பெண் பிள்ளைக்கு அது சுகம். நியாயமான மனுஷி அதைத்தான் எடுப்பாள். ஆனால் அந்தக் குளிர்ச்சியில் அவன் காலை நீட்டிப் படுத்துவிட்டால்? படுத்தவன் எழும்பாமலே போய்விட்டால்?

இடதுகை: மல்லிகையை எடுத்தால், மூக்காயி அதைப் பூசிக்கொண்டு பக்கத்தில் வரும்போதெல்லாம் அவனுக்குப் பன்விலை ஞாபகம் வரும். அங்கே உட்கார்ந்திருக்கவே விடாது. ஆனால் அது என்ன வேலை? ஒன்றும் அறியாத ஒருத்தியின் கழுத்தில் தூண்டிலைக் கட்டி அனுப்புகிற வேலை அல்லவா? அதுமட்டுமா, "என் கொண்டையில வச்ச பூவ அவ கழுத்துல பூசறதா?"

திரும்பத் திரும்ப மோந்தாள். வலது, இடது, வலது. முற்றத்துக் கோப்பி வேறு நடுவில் வந்து குழப்பியது. கடைசியில் இரண்டும் ஒன்றாகிப் போயின.

"மூக்கு மரத்துப் போச்சுதா? இந்த ஊருல அப்புடித்தான். ஒங்கட சீலைத் தோள மோந்து பாருங்க."

ராக்கம்மா தலையைத் திருப்பித் தோளில் மூக்கை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பொறுத்துப் பார்த்தாள். அடுப்புப்புகை. தேங்காயெண்ணெய். பழம் உரிக்கிற மேடையின் புளித்த வாடை, எத்தனை துவைத்தாலும் போகாதது. வியர்வை. காய்ந்த கோப்பி.

இதுதானா நான், என்று நினைத்தாள். இவ்வளவு காலம் அவர் பக்கத்தில் படுத்தது இந்த வாசத்தோடுதானா? இது இரண்டு குப்பியிலும் இல்லையே.

"ஒங்களுக்கு ஒண்ணும் வேணாமா தங்கச்சி?" பாயிஸா மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு எந்தக் காலம், எந்தக் காரியம் சொல்லுங்க? பத்து விரலும் கோப்பிக்குள்ள கெடக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். பாயிஸா அவளை அழ விட்டாள். "என்னத்தைச் செய்ய" என்று மட்டும் ஒருதரம் சொன்னாள். முன்வாசலில் தாஸிம் நானா காளிமுத்துவின் காதுமடலில் அத்தர்ப் பஞ்சைச் செருகிவிட்டிருக்க வேண்டும், அவன் ஏதோ சொல்லிப் பெரிதாகச் சிரிப்பது இங்கே கேட்டது. அழுது முடித்து மூக்கைச் சிந்தி முகத்தைத் துடைத்த பிறகு ராக்கம்மாவுக்கு வாசங்கள் இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. ஒன்றைத் தொட்டாள்.

"இது குடுங்கக்கா."

7

எதை?

இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். அவள் வெட்டிவேரைத் தொடுகிற பக்கத்தை எழுதியபோது அவள் முகம் அமைதியாக இருந்தது. எனக்குத்தான் கோபம் வந்தது, இப்படியா ஒருத்தி ஏமாந்து போவாள் என்று. மல்லிகையைத் தொடுகிற பக்கத்தை எழுதியபோது அவள் கண்ணில் ஒரு கூர்மை வந்தது. எனக்கு அவளைப் பிடித்தது. ஆனால் அன்று சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது மூக்காயியை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

(என் அக்காவிடம் கேட்டேன். "மல்லிகைதான், இதென்ன கேள்வி!" என்றாள் பட்டென்று. அத்தானைக் கேட்டேன். "அந்த ஆளுக்குக் காதுல ஏதோ பஞ்சு வச்சாங்களே, அது என்ன அத்தர்?" என்கிறார். ஆண்களிடம் கதை சொல்லக் கூடாது.)

எந்தப் பக்கத்தை வைத்தாலும் அடுத்த பக்கம் மாறவில்லை. அதுதான் விசித்திரம். இரண்டிலும் பாயிஸா இதைத்தான் சொல்கிறாள்:

"ஆம்புளைகள்ட மூட்டை. வழியில எறிவாங்க, மிதிப்பாங்க. குப்பி ஒடைஞ்சு போகும். இரிங்க, வாறேன்."

முற்றத்துக்குப் போய்ப் பாயிலிருந்து ஒரு பிடி கோப்பியை அள்ளிக்கொண்டு வந்தாள். ராக்கம்மா தன் சீலையின் தோள்பக்கத்துத் தலைப்பில் ஒரு துண்டைக் கிழித்தாள். துண்டில் கோப்பியைப் பரப்பி, நடுவில் குப்பியைப் படுக்க வைத்து, மேலே மிச்சக் கோப்பியைப் போட்டு மூடி முடிச்சுப் போட்டாள். பழம் எடுக்கிற பெண்கள் இடுப்புத்துணிக்குப் போடுகிற முடிச்சு அது. சுமை ஏற ஏற இறுகும், ஒரு கையால் நுனியை இழுத்தால் அவிழும். யோசித்துப் போடவில்லை. கை பழகிய முடிச்சு, கை போட்டது.

காளிமுத்து வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

"என்ன வாசம் எடுத்த?"

"அவுக தொறந்து பாப்பாக. நீங்க தொறக்கக் கூடாது."

"சரி. ஆடி முடியட்டும்—"

"சொல்லாதீங்க" என்றாள். "இந்தத் தடவ சொல்ல வேணாம். வந்தா வாங்க."

8

மூக்காயியைப் பற்றி எழுதுகிற எண்ணமே எனக்கு இல்லை. அவள் கதைக்கு வெளியே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் கெட்டவளாகவும் வைத்திருந்தேன், வசதிக்கு. ஆனால் குப்பி போய்ச் சேர்ந்துவிட்டதே. யாராவது திறக்க வேண்டும். நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

புதுக்கோட்டைப் பக்கம், பங்குனி வெயில், வேப்பமரத்து நிழல். காளிமுத்து குளித்துவிட்டு வந்து பெருமையாக அந்தப் பொட்டணத்தை நீட்டுகிறான். மூக்காயி பிரிக்கப் பார்க்கிறாள். இந்த முடிச்சை அவள் பார்த்ததில்லை. அங்கே இங்கே இழுக்கிறாள், இறுகுகிறது. பிறகு எதேச்சையாக ஒரு நுனியைப் பிடித்து இழுக்க, பொலபொலவென்று கோப்பி மடியில் கொட்டுகிறது. குப்பியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சீலைத்துண்டுதான் அவள் கையில் இருக்கிறது. பழைய துண்டு, ஓரம் நூல் பிரிந்தது.

"யாரு கட்டிக் குடுத்தது?"

"கடைக்காரரு."

மூக்காயி துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். அடுப்புப்புகை. தேங்காயெண்ணெய். வியர்வை.

"கடைக்காரருக்குச் சீலை ஏது?" என்றாள்.

காளிமுத்து வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நான் அப்போதே சொன்னேனே, அந்த மனிதனிடம் காத்திருந்து பயனில்லை.

மூக்காயி சத்தம் போடவில்லை. சத்தம் போடுவாள் என்று நான் எழுதினேன், "அடி பாவி என்று மாரில் அடித்துக்—" அவள் அடித்துக்கொள்ளவில்லை. குப்பி உடையாமல் வந்து சேர வேண்டுமென்று ஒருத்தி தன் சீலையைக் கிழித்திருக்கிறாள் என்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோப்பியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் திரும்பப் போட்டாள். அதற்குப் பிறகுதான் குப்பியைத் திறந்தாள்.

9

இப்போது முடிவு.

முதல் முடிவு: ஆவணியில் காளிமுத்து தன்னந்தனியாக வருகிறான், "சொன்னேன்ல வந்துருவேன்னு" என்கிறான், ராக்கம்மா அடுப்பைப் பற்றவைக்கிறாள். (நடக்கலாம். ஆனால் அடுத்த மாசியில் திரும்ப மடவளைக்கு நடக்க வேண்டும். எனக்குக் கால் வலிக்கிறது.)

இரண்டாம் முடிவு: வரவில்லை. வேறு கங்காணி வருகிறான். ராக்கம்மா தன் பானை சட்டியோடு லயத்துக் கடைசி அறைக்குப் போகிறாள். கோப்பி பூக்கிறபோதெல்லாம்— (இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவளை அப்படி உட்கார வைத்து அழ வைக்க எனக்கு மனமில்லை.)

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, அது தானாக நடந்து வந்தது.

ஐப்பசி. பழம் சிவந்து கிடக்கிறது. உரிக்கிற மேடையிலிருந்து வருகிற புளித்த நாற்றத்தில் தோட்டமே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறது. புது ஆட்கள் வருகிறார்கள் என்று சத்தம் கேட்டு, பழக்கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே ராக்கம்மா லயத்து வாசலுக்கு ஓடி வந்தாள். முன்னால் காளிமுத்து. வந்துட்டாரு! வந்துட்டாரே!

ஆனால் அவன் தலையைக் குனிந்துகொண்டு வருகிறான். மீசை முறுக்காமல் தொங்குகிறது. அவனுக்குப் பின்னால் கறுத்து உயர்ந்த ஒரு பெண், அவ்வளவு தூரம் நடந்து வெடித்த பாதங்களோடு வருகிறாள். வந்தவள் கங்காணியைப் பார்க்கவில்லை. வாசலில் நிற்கிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு பழைய சீலைத்துண்டை எடுத்து, அதே மாதிரி முடிச்சுப் போட்ட பொட்டணமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"இந்த முடிச்சப் போட்டது யாரு?"

பெண்கள் தங்கள் இடுப்பைக் குனிந்து பார்த்தார்கள். அங்கே நிற்கிற எல்லாப் பெண்களின் இடுப்பிலும் அதே முடிச்சு. ராக்கம்மா ஒளிந்துகொள்ள நினைத்தால் அந்தக் கூட்டத்துக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளலாம். காளிமுத்துவும் காட்டிக்கொடுக்க மாட்டான். அவன் எதையாவது காட்டியிருக்கிறானா?

"நாந்தாங்க்கா" என்றாள் ராக்கம்மா.

மூக்காயி கிட்டே வந்தாள். அத்தரைப் பூசிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். கழுத்தோரம் எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறது. ஆனால் இந்த நாற்றத்தில், இந்தக் கோப்பிக்குள், அது என்ன வாசம் என்று ராக்கம்மாவுக்குத் தெரியவில்லை. தான் எதைத் தொட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அது மூக்காயியின் வீட்டில் போய் என்ன செய்தது, இவள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தாள், அடிக்கவா, அழைத்துப் போகவா, கூட இருக்கவா என்பதுதான் தெரியாது.

எனக்கும் தெரியாது. வெட்டிவேர் என்று எழுதினால் மூக்காயி ஒரு வார்த்தை பேசுகிறாள். மல்லிகை என்று எழுதினால் வேறொன்று பேசுகிறாள். இரண்டையும் கேட்டுவிட்டேன். இரண்டும் நியாயமான பேச்சு. ஒன்றைக் கேட்டு ராக்கம்மா நிமிர்கிறாள், மற்றதைக் கேட்டுக் குனிகிறாள். எதை எழுதினாலும் மற்ற ராக்கம்மாவைக் கொன்றதாக ஆகும். நான் மாட்டேன்.

என் மேசையில் சகீனாவின் கடையிலிருந்து கொண்டுவந்த அந்த ஒற்றைக் கோப்பிக்கொட்டை இருக்கிறது. இதோ, உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். வேண்டாமென்றால் உங்கள் தோளை மோந்துகொள்ளுங்கள். அங்கே ராக்கம்மாவும் அதைத்தான் செய்கிறாள். தலையைத் திருப்பி, கிழிந்த சீலையின் தோளில் மூக்கை வைத்து, ஒரு மூச்சு இழுத்துவிட்டு நிமிர்கிறாள். மூக்காயி இன்னும் ஒரு அடி கிட்டே வந்துவிட்டாள்.

சொல்லுங்கள், என்ன வாசம்?